இரட்டைக் காவல்

“சாயங்காலத்துக்குள்ள திருடன் எவன்னு சொல்லு. இல்லாங்காட்டி ரெண்டு பேரும் ஊட்டுக்குக் கெளம்புங்க” என்றார் பரந்தாமன். அம்பத்தூர் எஸ்டேட்டில், வெப்சைட்களை ஓடவைக்கும் சர்வர் கணினிகளை வாடகைக்கு விடும் முதலாளி. பெற்ற பிள்ளையைக்கூட நம்பாத மனுஷன்.

பவித்ரா அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள். அவள் வைத்த செட்டிங்கை யாரோ கலைக்கிறார்கள். அரை மணியில் கலையும், சரியாகும், மறுபடி கலையும். ஒவ்வொரு தடவையும் வாடிக்கையாளர்களின் வெப்சைட் படுத்துக்கொள்ளும்.

அவளுக்குச் சந்தேகம் கூட வேலை பார்க்கும் தமிழ்வாணன் மேல்தான். சர்வர்களைக் கட்டிமேய்க்க யாருடைய சாஃப்ட்வேர் டூலைப் போடுவது என்று இருவருக்கும் ஒரு மாதமாகச் சண்டை.

முதலாளி எதிரிலேயே அவனிடம் கேட்டாள்: “நீதானே மாத்துற?”

“நான் கையே வைக்கலம்மா. செட்டிங் எப்படி இருக்கணும்னு என் டூல்ல எழுதிட்டேன். எவன் மாத்தினாலும் அதுவே திருப்பி வெச்சிடும்.”

“உன் டூலா? என்னோடதைத்தானே முதலாளி போடச் சொன்னாரு? அதுவும் அந்த வேலையைத்தானே செய்யுது.”

“எங்கிட்டயும் போடச் சொன்னாரு. உனக்குத் தெரியக் கூடாதுன்னாரு.”

“அப்ப நான் வெச்சதை உன்னோடது கலைக்குது, நீ வெச்சதை என்னோடது கலைக்குது!”

இருவரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பரந்தாமன் அசரவில்லை. “கேட்டாண்ட ஒரு வாட்ச்மேனா கீறான்? ரெண்டு பேரு. ஒருத்தனை ஒருத்தன் புடிக்கட்டும்னுதான். இப்ப இன்னா, புடிச்சிக்கினீங்கல்ல?”