காலிக் கட்டில்

“அவன் உள்ள வந்தா நான் கிளம்பிடுவேன், சிஸ்டர், சொல்லிட்டேன்...”

“எங்க கிளம்புவே ரோடெல்? உன் வீட்டுலதான் சேர்க்கலையே.”

சிறையிலிருந்து விடுதலையானவர்களுக்காகச் செபு நகரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் அந்த இல்லத்தில் ஒரே ஒரு கட்டில்தான் காலி. அதுவும் ரோடெலின் அறையில், அவன் கட்டிலுக்கு மேலடுக்கில்.

“ஆறு வருஷம் ஜெயில்ல என்னைப் பாடாப் படுத்தினவன்.”

“அவரும் தண்டனை முடிச்சுட்டுத்தான் வர்றார். ஆண்டவர் ஆள் பார்த்தா கதவைத் திறக்கறார்?”

“ஆண்டவருக்கென்ன, மேல இருக்கார். பக்கத்துல படுக்கப்போறது நான்.”

எவுசேபியோ பையோடு அறை வாசலில் வந்து நின்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்தபடி கதவில் சாய்ந்துகொண்டார்.

ரோடெல் கீழ்க்கட்டிலில் கிடந்த தன் தலையணையை எடுத்து மேல்கட்டிலில் எறிந்தான்.

“கீழயே படுங்க. ஆனா விடியக்காலையில எங்களை எழுப்பி, வரிசையில நிக்கவச்சு எண்ணற வேலையெல்லாம் இங்க வேண்டாம், வார்டர் சார்.”