நாற்பத்தேழு டெசிபல்

கணவனின் விரல்களிலிருந்து அவள் கரண்டியை மெல்லப் பிரித்தெடுத்தாள்.

"பத்து நிமிஷந்தாங்க. மாடியில சத்தம் அளக்கிறாங்க. நம்ம வீட்டுச் சத்தம் அதுல விழுந்தா செல்லாதாம்."

அவன் கண்களை மூடித் திறந்தான். சரி என்று அர்த்தம். பக்கவாதம் அவனுக்கு இமைகளையும் வலக்கையையும்தான் விட்டுவைத்திருந்தது.

கரண்டியால் கட்டில் கம்பியில் ஒரு தட்டு என்றால் தண்ணீர்.

இரண்டு என்றால், திருப்பிப் படுக்க வை.

மூன்று என்றால், சளி அடைக்கிறது, ஓடி வா.

பக்கத்து மனையில் தூண் இறக்கும் இயந்திரம் வந்த நாளிலிருந்து எந்தத் தட்டும் அடுப்படி வரை வருவதில்லை. முதல் மாதமே அந்த மூன்று தட்டு அவள் காதில் விழாமல் போனது. ஏதோ தோன்றி எட்டிப் பார்த்தாள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

அதற்கப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஐந்து மனு போட்டாள். இன்றுதான் ஆள் வந்தது.

அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படியேறினாள்.

மொட்டைமாடியில் முக்காலியின் மேல் கருவி நின்றது. எண் எண்பத்தெட்டில் துடித்தது. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதிகாரி பதிவுப் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.

வாசலில் நின்ற அரசு ஜீப்பைப் பக்கத்து மனை மேஸ்திரி அப்போதுதான் பார்த்தார். கையை உயர்த்தினார்.

இயந்திரம் நின்றது.

நான்கு மாதத்தில், வேலை நேரத்தில், முதல் தடவை. வெள்ளைத் துணி ஒன்றை உதறி விரித்ததுபோல் அமைதி தெரு முழுக்க இறங்கியது. ஒரு காக்கை. எங்கோ குழாய் சொட்டும் சத்தம்.

அதிகாரி பொத்தானை அழுத்தினார். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை.

அவள் கருவியைப் பார்க்கவில்லை. காது முழுவதும் கீழே இருந்தது. இந்த அமைதியில் ஒரு தட்டு விழுந்தாலும் மாடி வரைக்கும் வரும்.

ஒன்றும் வரவில்லை.

நல்லபடியாக இருக்கிறார். வெகுநாளைக்குப் பிறகு முழு மூச்சு விட்டாள்.

"நாப்பத்தேழுதாம்மா காட்டுது. இதை வச்சுக்கிட்டு நான் என்னன்னு எழுதறது? நீங்களே சொல்லுங்க."

அவர் கையெழுத்துக்காகத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

வாங்கக் கையை நீட்டினாள்.

கையில் கரண்டி இருந்தது.