ஈரச் சாக்கு

வில்பிரட் மாஸ்டர் இன்றைக்கும் ஈரச் சாக்கோடுதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுவது குசினி ஜன்னலால் ஸகியாவுக்கு நன்றாகத் தெரிந்தது. நெருப்பு எங்கேயும் இல்லை.

“பாத்தீங்களா மாமா?” என்று கிசுகிசுத்தாள். “நான் சொல்லக்குள்ள உம்மாவும் நம்பல்ல.”

அப்துல் ஸமட் மரைக்கார் கதவு மறைவிலிருந்து எட்டிப் பார்த்தார். ஸகியாவின் தாய்மாமன் அவர். பள்ளிவாசல் நிருவாகத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

“முந்தி நெருப்புப் பத்தின ரெண்டு தரமும் இப்பிடித்தானா?”

“முதல் தரம் தங்கச்சி உம்முட வேலி பத்தக்குள்ள பாய்ஞ்சு வந்து மண்ண அள்ளிப் போட்டாரு. போன கிழமை ஓலைக் குவியல் பத்தக்குள்ள, நாங்க கூப்பாடு போட முந்தியே சாக்கோட வந்து நிக்காரு.”

“நெருப்பெழும்ப முந்தியே சாக்க நனைச்சி வைக்க இவரென்ன வரப்போறத அறியிற அவுலியாவா?”

சூறாவளி ஓடுகளையெல்லாம் கொண்டுபோன பிறகு மருதமுனையின் அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தென்னோலைக் கிடுகுதான் கூரை. இப்போது வறண்ட கச்சான் காற்று வேறு காய்ச்சி எடுத்தது. அடுத்த வளவில் தங்கை உம்மு பச்சைப் பிள்ளையோடு படுத்திருந்தாள். ஸகியாவின் புருஷன் இறக்காமத்தில் வயலோடு கிடந்தார். ஒரு பொறி கூரையில் விழுந்தால் உம்மு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவும் நேரமிராது.

மாஸ்டர் மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்து பின்வளவில் வாடகைக்கு இருந்தவர். தனியாள். முன்னே பட்டாளத்தில் இருந்தாராம், பிறகு கொழும்பில் நெருப்பணைக்கிற படையிலாம், அதற்கும் பிறகுதான் கணக்கு வாத்தியாராம். பெருநாளைக்கு அவருக்கு வேலிக்கு மேலால் வட்டிலப்பம் கொடுத்தவளும் இதே ஸகியாதான்.

சந்தேகம் வந்த நாளிலிருந்து அவர் செய்ததெல்லாம் சாட்சியாக மாறிவிட்டது. கிணற்றடியில் எந்நேரமும் வாளிகளை நிரப்பி வைக்கிறாரே, எதற்கு? வேலியோரத்துச் சருகைக் குனிந்து குனிந்து கிளறிப் பார்க்கிறாரே, எதற்கு? இவ்வளவையும் ஊரில் தான் ஒருத்தியே கண்டுபிடித்திருக்கிறாள் என்பதில், பயத்துக்கு அடியில், அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை அவள் தனக்குக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

“நெருப்பணைச்சுப் பழகின மனிசனுக்கு நெருப்பில்லாம பொழுது போகாது போல” என்றார் மரைக்கார். “அது சரி, ரெண்டு தரமும் உங்க ஒருத்தருக்கும் புகை மணக்கல்லயா?”

“எங்க மாமா மணக்கிற? வெள்ளி இரவெண்டு வீடெல்லாம் சாம்பிராணி.”

“இண்டைக்கும் வெள்ளி இரவுதானே. நீ வழமை போல உன்ட வேலையப் பாரு. அவர் கைய வைக்கட்டும், கையும் மெய்யுமாப் புடிக்கன்.”

ஸகியா அடுப்புத் தணலை அள்ளிச் சட்டியில் போட்டாள். உம்மா, சீதன வீட்டோடு சேர்த்து அவளுக்குக் கொடுத்த பழைய இரும்புச் சட்டி அது. சாம்பிராணியைத் தூவினாள். புகை திரண்டு எழும்பியது. அறைகளுக்கெல்லாம் காட்டிவிட்டு, எப்போதும்போல உம்முவின் வீட்டுக்குக் கொண்டுபோக முற்றத்தில் இறங்கினாள்.

வேலிக்கு அப்பால் அவரும் கூடவே நகர்வது தெரிந்தது. அவள் நின்றால் அவர் நின்றார். அவள் நடந்தால் நடந்தார். முதுகில் அந்தப் பார்வை ஊர்வதுபோல் இருந்தது. பிஸ்மி சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஆள் உஷாராகிவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

உம்முவின் கூரைத் தாழ்வாரத்துக்குக் கிட்டப் போகும்போது வேலி சடசடத்தது. மாஸ்டர் ஒரே பாய்ச்சலில் இந்தப் பக்கம் வந்துவிட்டார். அவள் குதிக்காலுக்குப் பின்னால் ஈரச் சாக்கு ‘சத்’தென்று விழுந்தது.

“அல்லாஹ்வே!” என்று ஸகியா அலறினாள்.

மரைக்கார் ஓடிவந்து அவரின் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். “வசமா மாட்டினீங்க மாஸ்டர்! புள்ளப் பெத்தவள் படுத்திருக்கிற வீடு, வெக்கமில்லயா உங்களுக்கு? நாளைக்கே சாமானக் கட்டிருங்க!”

உம்மு பிள்ளையை மார்போடு அணைத்தபடி வாசலுக்கு வந்தாள். “என்ன ராத்தா? ஆரு?”

“நெருப்பு வைக்கிற ஆளு, உம்மு! புடிச்சாச்சு!”

மாஸ்டர் திமிறவில்லை. மூச்சு வாங்கியது. “நெருப்பு வைக்கிற ஆளப் புடிக்கத்தான் மரைக்கார், நானும் ரெண்டு கிழமையாக் காவல் நிண்டன்” என்றார். பிடிபட்ட கழுத்தோடு குனிந்து சாக்கை மெல்லத் தூக்கினார். அடியில் பாக்களவு கரித்துண்டு ஒன்று நனைந்து, இன்னும் புகைந்துகொண்டு கிடந்தது.

“பாருங்க மாமா, தணல்!” ஸகியாவின் குரல் வெற்றியில் கிறீச்சிட்டது. “கையோட கொண்டு வந்திருக்காரு!”

மாஸ்டர் அந்தக் கரியைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். வகுப்பில் கணக்குப் பிழைத்த பிள்ளையிடம் பேசுகிற குரல்தான் வந்தது.

“தங்கச்சி, உங்கட சட்டி ஓட்டை.”