மரியாதை தெரிந்த தொப்பி

லாரிக்காரர் கையை நீட்டுவதற்குள், கிடங்குக்காரி அந்த மரத்தலையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மரத்தலையில் ஒரு கறுப்புத் தொப்பி. அருங்காட்சியகத்தில் யாரும் சீண்டாத பழங்காலக் கண்டுபிடிப்பு அது. போட்டிருப்பவர் லேசாகத் தலையைக் குனிந்தால் போதும். தொப்பி தானாகவே எழும்பி எதிரே வருபவருக்கு மரியாதை செய்யும்.

"கை எதுக்கு இருக்கு? கழட்டி மாட்டத் தெரியாதா? இதுக்கொரு மெஷினாம்!" மேலாளர் சிரித்தார். "விடும்மா. மத்த தண்டச் சாமான் எல்லாம் வண்டியில ஏறியாச்சு."

"இது ஏறாது சார்."

"அப்புறம் வேலையை விடுறேன்னு நீ எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்."

"பேனா குடுங்க."

அப்போது தொப்பி எழும்பியது. மரத்தலை துளியும் அசையவில்லை. திறந்திருந்த வாசலைப் பார்த்து நாலு விரற்கடை உயர்ந்து, ஓர் ஆள் நடந்து உள்ளே வரும் நேரம் அப்படியே நின்று, மெல்ல இறங்கியது. வாசலில் ஒருவரும் இல்லை. ஆனாலும் லாரிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

"தினமும் இதே நேரத்துக்கு வர்றாங்க சார். நீங்க ஒருநாளாவது எழுந்து நின்னிருக்கீங்களா? இதுக்கு இருக்கிற மரியாதை உங்களுக்கு இல்ல."

"ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. வேற ஒண்ணுமில்ல," என்றார் மேலாளர்.

அவள் தொப்பியைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே வெறும் துணிதான் இருந்தது. துருவேறிய ஸ்பிரிங்கை அவளே கழற்றி எறிந்து ஆறு வருடமாகியிருந்தது.