சீன வில்லும் சில பிழைகளும்

"மைனி, இது நீங்க எழுதினதா?"

லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்தாள் சிஜி. பெருங்கடவிளையிலிருந்து பாறசாலைக்கு, அண்ணனைப் பார்க்க வந்திருந்தாள்.

"ஆமா. சீனாக்காரங்க வில்வித்தைய பத்தி இணையக் கலைக்களஞ்சியத்துல ரெண்டு வரிதான் கிடந்தது. அத நல்லா விரிவா எழுதலாம்னு" என்றாள் லிஜா. அண்ணன் மனைவி. பள்ளியில் விளையாட்டு டீச்சர். கல்லூரி நாட்களில் வில்லெடுத்துப் போட்டிகளுக்குப் போனவள்.

சிஜி சத்தமாக வாசித்தாள். "'குதிரையில் பாய்ந்தபடியே சீன வீரர்கள் எதிரிகள்மீது அன்பு எய்தார்கள்.' அன்பா மைனி?"

"அய்யோ, அம்பாக்கும்."

"'கட்டைவிரலில் மோதிரம் மாட்டி நானை இழுப்பார்கள்.' உங்கள எதுக்கு அவங்க இழுக்கணும்?"

லிஜாவும் சிரித்துவிட்டாள்.

"நாண், மைனி. மூணு சுழி. ஊரு உலகமே பாக்குற இடம். ஒரு டீச்சர் இப்பிடி எழுதலாமா?"

"உனக்க அண்ணன் திருத்தின பிறகுதான் வெளிய போவும்."

அதற்குள் அண்ணன் எலியாவே வந்துவிட்டான்.

"கேட்டியா சிஜி, நான் மட்டும் இல்லேன்னா சீனாக்காரன் இங்க சண்டைக்கு வந்திருப்பான். தள்ளு, நான் பாக்கேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கிண்டல், ஒரு சிரிப்பு.

சிஜிக்கு ஆச்சரியம். மார்த்தாண்டத்தில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தான் எலியா. அச்சகம் பூட்டிய பிறகு யாரிடமும் பேச்சில்லை, ஞாயிறு சபைக்குக்கூடப் போவதில்லை என்று கேள்விப்பட்டுத்தான் பதறி வந்திருந்தாள்.

அடுக்களையில் மீன் கழுவும்போதும் சிஜி விடவில்லை.

"டிக்‌ஷனரி ஒண்ணு வாங்கித் தரட்டா மைனி?"

லிஜா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பிளஸ் டூவுல தமிழுக்கு நான்தான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்டாக்கும்."

"பின்ன?"

"வேல போன பிறகு உனக்க அண்ணன் வெறுதே சுவரப் பாத்துட்டு இருப்பாரு. ஒருநா நான் எழுதும்போ அவசரத்துல ஒரு எழுத்து மாறிப்போச்சு. எங்க இருந்துதான் பாத்தாரோ, பாய்ஞ்சு வந்து திருத்தினாரு. அன்னைக்கு வயிறு நிறையச் சோறும் தின்னாரு."

மீன் சட்டியில் தண்ணீர் ஊற்றினாள்.

"அதுக்குப் பிறகு வேணும்னேதான் தப்பு போடுகேன். அவருட்ட சொல்லிப்போடாத, கேட்டியா?"

காலையிலிருந்து செய்த கிண்டலெல்லாம் நினைவுக்கு வந்து சிஜியின் முகம் சுருங்கியது. ஈரக்கையோடு மைனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் எலியாதான் அவளை பஸ் ஏற்றிவிட வந்தான்.

"அண்ணே, மைனிக்குப் பொறுமையா சொல்லிக் குடு என்னா" என்றாள் சிஜி, ஒன்றும் தெரியாதவள்போல.

எலியா சிரித்தான்.

"அவளுக்கா? மேல் வரியில 'வளைத்து'ன்னு சரியா எழுதுவா. கீழ் வரியில 'வலைத்து'ன்னு எழுதுவா. தெரியாம எழுதுறவங்க எல்லா இடத்துலயும் ஒரே தப்பத்தான் செய்வாங்க. இத்தன வருஷம் பிழை பாத்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

சிஜி திகைத்துப் போனாள். "அப்போ உனக்கு எல்லாம் தெரியுமா? பின்ன ஏன் மைனிட்ட சொல்லல்ல?"

நெய்யாற்றின்கரை பஸ் வந்து நின்றது. அவள் பையை எடுத்து உள்ளே கொடுத்தான் எலியா.

"எனக்க முகம் தெளியணும்னு அவ உக்காந்து யோசிச்சு யோசிச்சு தப்பு போடுகா. அந்த ஒரு பிழைய மட்டும் திருத்த எனக்கு மனசு வரல்ல மக்கா."