மீன்தொட்டிக்கு வடிகட்டி

"கரிய இடியும் மனுஷா! வாயப் பாத்துட்டு இருந்தா கரி தானாப் பொடியுமா?"

சத்தியபாயின் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. முற்றத்தில் குத்தவைத்திருந்த அவன் உலக்கையால் சிரட்டைக்கரியை இடித்தான். வெற்றுடம்பில் முகம், மார்பு, கையெல்லாம் கரி.

மூங்கில் படலைத் தள்ளிக்கொண்டு இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் உள்ளே வந்தார்கள். மலையாள ஆட்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று அன்று காலை பனச்சமூட்டில் ஊர்வலம் போனவர்களை அடித்துக் கலைத்துவிட்டு வருகிறார்கள். கொடி பிடித்தவன் மட்டும் இந்தப் பக்கம் ஓடித் தப்பிவிட்டான். ஐம்பத்து நாலாம் வருஷம் அது. அகப்பட்டால் எலும்பு மிஞ்சாது என்று ஊருக்கே தெரியும்.

"கொடி பிடிச்சவன் இதுவழி ஓடி வந்நோ?"

"ஓடுனவனப் பாத்துட்டு நிக்கவா எனக்கு நேரம்? வீட்ட நாறடிச்சிப் போட்டிருக்கியது தெரியல்லியா சாரே?"

அவள் கைகாட்டிய இடத்தில், வராந்தா மேசைமேல் ஒரு கண்ணாடித் தொட்டி. தண்ணீர் பாசிபிடித்துப் பச்சையாகக் கிடந்தது. சிவப்பு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கீழே, அடியில் துளைபோட்ட மண்ணெண்ணெய் டின், மணல், கூழாங்கல், தேங்காய்த் தும்பு, ஒரு ரப்பர் குழாய், டின்னைத் தூக்கி வைக்க ஒரு வாய் அகன்ற மண்தொட்டி.

இன்ஸ்பெக்டர் லத்தியை அவன் பக்கம் நீட்டினார். "இயாளு ஆரு?"

"எனக்க தலையெழுத்து."

ஒரு போலீஸ்காரர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "பேரு பற."

"கெட்டினவனுக்க பேர பொம்பள வாயால சொல்லுவாளா? அவருட்டயே கேளும்."

"எந்தாடா பேரு?"

"ஜெயதாஸ்."

சத்தியபாயும் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

லத்தி முனை அவன் முழங்கைக்கு வந்தது. கரியையும் மீறி அங்கே ரத்தம் கசிந்தது. "இது சோரையல்லே?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "கண்ணாடி கீறினதாக்கும். தொட்டிய ஒத்தையில தூக்காதியும் எண்ணு சொன்னா காதுல ஏறணுமே! பிள்ளைய வளக்கியதுக்கு வக்கில்ல, மீன வளக்கணுமாம்!"

இன்ஸ்பெக்டர் டின்னைப் பூட்ஸால் உதைத்தார். அது உருண்டுபோய்த் திண்டில் மோதியது.

"கரி, டின், குழல். மீனுக்கோ, பாம் உண்டாக்கானோ? இப்பம் ஓடிச்சுக் காட்டு. வெள்ளம் தெளிஞ்ஞு வந்நில்லெங்கில் ரண்டுபேரும் ஜீப்பில் கேறணும்."

அவன் டின்னை நிமிர்த்தி வைத்தான். இரண்டு கையாலும் கரியை அள்ளி டின்னுக்குள் போடப் போனான்.

"அய்யோ, கரியயா மொதல்ல போடுவாரு? அடியில கல்லு, அதுக்கு மேல மணலு, பொறவு கரி, மேல தும்பு! எத்தன மட்டம் சொல்லியாச்சு! உமக்க மூளையையும் மீனுக்குத் தீனியாப் போட்டாச்சா?"

அவன் கல்லைப் போட்டான், மணலைப் போட்டான்.

"கரியக் கழுவிப் போடும்! கழுவாமப் போட்டா தண்ணி மையாட்டுல்லா வரும்!"

கழுவிப் போட்டான். தும்பை மேலே வைத்து அமுக்கி, மண்தொட்டிக்குக் குறுக்கே இரண்டு கம்பு போட்டு டின்னை அதன்மேல் தூக்கி வைத்தான். குழாயைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்தான்.

"அத வச்சு நாதஸ்வரம் ஊதவா போறீரு? ஒரு முனைய தொட்டியில முக்கும், மறுமுனைய வாயால உறிஞ்சும்!"

அவன் உறிஞ்சிய வேகத்தில் பச்சைத் தண்ணீர் வாய் நிறைய வந்தது. மூக்கு வழியாகவும் வந்தது. இருமி இருமித் துப்பினான். அவளோ, குழாயை விட்டுவிடாதே என்று அதற்கும் ஒரு வசை வைத்தாள்.

வயதான போலீஸ்காரருக்கு மனது தாங்கவில்லை. "சாரே, இது கெட்டியவன் தன்னே. பாவம்," என்று மெல்லச் சொன்னார். வீட்டில் அவரும் வாங்குகிறவர்தான் போல.

டின் அடியிலிருந்து முதலில் கறுப்பாகச் சொட்டியது. இன்ஸ்பெக்டர் லத்தியை ஓங்கினார்.

"பொறும் சாரே, கரிப்பொடி போவண்டாமா?"

சொட்டியது சாம்பல் நிறமானது. பிறகு கலங்கலாக வந்தது. பிறகு நல்ல கிணற்றுத் தண்ணீராக விழுந்தது. சத்தியபாய் டின்னுக்கு அடியில் ஒரு செம்பைக் காட்டிப் பிடித்து இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"குடிச்சிப் பாக்கியளா?"

அவர் செம்பைத் தட்டிவிட்டார். "கொடி பிடிச்சவனெ ஒளிச்சு வச்சால் இந்த வீடு தீ வைக்கும், கேட்டோ!" என்று சொல்லி, படலை ஒரு உதை உதைத்துவிட்டுப் போனார்.

ஜீப் சத்தம் தேயும்வரை அவள் வாய் ஓயவில்லை. கரியைத் திட்டினாள், மீனைத் திட்டினாள், அவனைப் பெற்றவளைத் திட்டினாள். சத்தம் முழுதும் அடங்கியபின் அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அவள் முந்தானையைக் கிழித்து அவன் முழங்கையில் இறுக்கிக் கட்டினாள். குரல் இப்போது தணிந்திருந்தது.

"பொறவாசல் வழியா ரப்பர் தோட்டத்துல இறங்கி ஓடிரும் அண்ணாச்சி. எனக்க மாப்பிள்ளை வாற நேரமாச்சு."