வெள்ளைத்தாய் பேசிய சம்பளம்

"நூறு ரூவாய்க்கு எங்க வீட்டுக்காரக வண்டிக் கதவக்கூடத் தொறக்க மாட்டாக" என்றாள் வெள்ளைத்தாய்.

கணக்குப்பிள்ளை தங்கச்சாமி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சிவகாசியில் அந்தப் பட்டாசுக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அவர் அங்கே இருக்கிறார். முதலாளி சீனிவாசகத்துக்கு எதிரே ஒரு டிரைவரின் பெண்டாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் பேசி அவர் பார்த்ததில்லை.

டிரைவர் பெத்தணன் பக்கத்தில் நின்று துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். ரோட்டு இலாகா லாரியை முப்பது வருஷம் ஓட்டிவிட்டு, சித்திரையில் ஓய்வு பெற்றவர். ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்று விருதுநகர் முழுக்கப் பேர். அதைக் கேள்விப்பட்டுத்தான் சீனிவாசகம் ஆள் அனுப்பியிருந்தார்.

ஓய்வு பெற்றதிலிருந்து பெத்தணனுக்குச் சாப்பாடும் குறைந்து, பேச்சும் குறைந்துபோயிருந்தது. கம்பெனி ஆள் வந்து கேட்டுவிட்டுப் போன அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கும் சேத்து டிக்கெட் எடுங்க. உங்களுக்குக் காசு பேசத் தெரியாது, நான் பேசிக்கிடுதேன்" என்று வெள்ளைத்தாயும் கூடவே கிளம்பிவிட்டாள்.

"நீங்க வெளிய போயி வண்டியப் பாத்துக்கிட்டு இருங்க" என்று இப்போது அவரை அனுப்பினாள். அதற்காகவே காத்திருந்தவர் போல அவர் வெளியேறினார்.

சீனிவாசகம் நிதானமாகப் பேசினார். "தாயி, அவருக்குப் பென்ஷன் வருது. அதுபோக நூறுன்னா நியாயமான சம்பளந்தான?"

"பென்ஷன், சர்க்கார் வண்டி ஓட்டுனதுக்கு சர்க்கார் குடுக்கது. உங்க வண்டிக்கு நீங்கதான குடுக்கணும்?"

"வயசும் ஆகிப்போச்சே."

"வயசான ஆளு வண்டியக் கவுக்க மாட்டாகன்னுதான ஆள் விட்டீக? அப்ப வயசுக்கும் சேத்துக் குடுங்க."

"நூத்தி முப்பது" என்றார் சீனிவாசகம்.

வெள்ளைத்தாய் ஜன்னல் வழியே பார்த்தாள். பட்டாசுப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இதுக்கு முந்தி இந்த வண்டிய ஓட்டுனவரு எங்க?"

"இருளாண்டியா? ஊர்ல இருக்கான்."

"சொகமா இருக்காரா?"

முதலாளி தங்கச்சாமியைப் பார்த்தார். தங்கச்சாமி பேனாவைப் பார்த்தார்.

"சாத்தூர்கிட்ட லோடுல லேசாப் பொகைஞ்சிருச்சு. கை ஆறிக்கிட்டு வருது" என்றார் முதலாளி.

"அப்ப எரநூறு" என்றாள் வெள்ளைத்தாய்.

தங்கச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கம்பெனிக்கு வருமுன் விருதுநகர் மிளகாய் வத்தல் புரோக்கர்களோடு எத்தனையோ வருஷம் மல்லுக்கட்டியவர் அவர். அடுத்தவன் கை வெந்ததைச் சொல்லி விலையை ஏற்றுகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

அறுபத்திரண்டாம் வருஷத்துத் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் ஆர்டர் அப்படியே சரக்குக் கிட்டங்கியில் தேங்கிக் கிடந்தது. இருளாண்டிக்குப் பிறகு வேறு எந்த டிரைவரும் அந்தக் கம்பெனிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"சரி, எரநூறு" என்றார் சீனிவாசகம்.

வெள்ளைத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "ராத்திரியில ஓட்ட மாட்டாக" என்றாள்.

"சரி."

"உச்சி வெயில்லயும் ஓட்ட மாட்டாக."

"பெறகு எப்பத்தான் தாயி ஓட்டுவாரு?"

"காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்."

சீனிவாசகம் கண்ணை மூடி யோசித்தார். அப்படி ஓட்டினால் மெட்ராஸ் போய்ச் சேர மூன்று நாளாவது ஆகும். ஆனாலும் போய்ச் சேரும்.

"சரி" என்றார்.

"பீடி குடிக்கிற கிளீனரு ஏறக் கூடாது. பேட்டா தெனம் அஞ்சு ரூவா."

"சரி."

"பொங்கலுக்கு எனக்கு ஒரு பட்டுச் சேல."

தங்கச்சாமி எழுந்தே நின்றுவிட்டார். முதலாளி அவரைக் கையமர்த்தினார். "சின்னாளப்பட்டி போதுமா தாயி?"

"காஞ்சிவரம்."

சீனிவாசகம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கிட்டங்கியைப் பார்த்தார். "காஞ்சிவரமே எடுத்துருவோம்" என்று சொல்லி, மேசையிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, மொத மாசச் சம்பளம் முன்பணமாவே இருக்கட்டும். நாளைக்குக் காலையில லோடு கிளம்பணும்."

வெள்ளைத்தாய் கையை நீட்டவில்லை.

வெளியே லாரி உறுமியது. பெத்தணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துத் தலையை ஆட்டிக்கொண்டே, பெட்டி ஏற்றியவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். வேலைக்குப் போன காலத்தில் சிரித்த அதே சிரிப்பு.

வெள்ளைத்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, வெளியே கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"மொதலாளி, இன்னும் எதக் கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்லுவீக?"